ஏழாம் நம்பரும் பல் டாக்டரும்

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு நம் தெருவில் ஒரு ஈ காக்கை இருக்காது. ஞாபகம் இருக்கிறதா? வீட்டுக்கு வீடு இலவச கலர் டிவி வந்து இறங்கி, ரிமோட்டின் பாலிதீன் உறையைக் கழற்றினால் அடி விழுந்த காலம். நமக்கு முப்பது நெருங்குகிறது, மாடிப்படி ஏறினால் முட்டியைப் பிடித்துக்கொள்கிறோம். போன வாரம் போன் குரூப்பில் உங்களில் ஒருத்தி கேட்டிருந்தாள்: “பட்டணத்து போலீஸ் ஒருத்தர் வேர்க்கடலை உரிச்சிகினே கொலகாரனக் கண்டுபுடிப்பாரே, அந்த சீரியல் பேர் இன்னாடி?” ஆளாளுக்குச் சிரிக்கிற பொம்மை போட்டீர்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. ஏன் என்று தனியாகக் கேட்டவளுக்காக எழுத ஆரம்பித்தேன், எல்லோருமே படியுங்கள்.

அந்த டிவி இன்ஸ்பெக்டரை நான் உங்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே நம்பினேன். சென்னையில் எங்கோ ஒரு பழைய கட்டடத்தில் அவருக்கு ஆபீஸ். யூனிஃபார்ம் போட மாட்டார். சந்தேகப்பட்டவன் எதிரே உட்கார்ந்து, கடலைத் தோலை அவன் மேஜை மேலேயே போட்டுவிட்டு, “அப்போ நீங்க எங்க இருந்தீங்க?” என்று மெதுவாகக் கேட்பார். அவ்வளவுதான், அவனுக்கு வேர்த்துவிடும். வாரத்துக்கு ஒரு கொலை, ஒரு மணி நேரத்தில் ஒரு முடிவு. மறு ஒளிபரப்பு கிடையாது. ஒரு வாரம் தவறவிட்டால் தவறவிட்டதுதான்.

நானும் ஒரு டைரி வைத்துக்கொண்டேன். அப்பா வேலை செய்த கம்பெனியில் புதுவருஷத்துக்குக் கொடுத்த டைரி. அதில் உங்கள் எல்லோருடைய கைரேகையும் இருந்தது. விபூதியைத் தண்ணீரில் குழைத்து விரலை அமுக்கி எடுத்தேனே, உங்களில் ஒருத்தி விபூதியைத் திருடியதாக அவள் அம்மாவிடம் அடிகூட வாங்கினாள். கைரேகைக்குப் பின்பக்கத்தில் வண்டிகள். எந்த வேன் எத்தனை மணிக்குக் கூட்டு ரோட்டைத் தாண்டியது என்று எழுதுவேன். ஏழாம் வகுப்புக்காரிக்கு அதைவிட வேறு என்ன வேலை?

வேன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. நம் பக்கம் கம்பெனிக்காரர்களுக்கு நிலத்தை விற்றவர்களில் பாதிப் பேர் வீடு கட்டினார்கள், சிலர் குடித்துத் தீர்த்தார்கள், என் பெரியப்பாவைப் போலப் புத்தியுள்ளவர்கள் வேன் வாங்கிக் கம்பெனிக்கு விட்டார்கள். பெரியப்பாவுக்கு இரண்டு வேன். இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒரே மாதிரி. எந்த வழியில் போய் ஆட்களை ஏற்ற வேண்டும் என்பதற்குக் கம்பெனி ஒரு நம்பர் கொடுக்கும். அந்த நம்பரைச் சிவப்பில் எழுதிய தகர போர்டை முன் கண்ணாடிக்கு உள்ளே சாய்த்து வைப்பார்கள், இருட்டில் தெரிவதற்கு அதன் மேல் ஒரு குட்டி பல்பு. வண்டியின் பதிவு எண்ணை நம் ஊரில் எவன் பார்த்தான்? போர்டுதான் வண்டி. அது மட்டுமில்லை, போர்டுதான் டிரைவர். “அஞ்சு போய்ட்ச்சா?” என்றால் பெரியப்பா போய்விட்டாரா என்று அர்த்தம். “ஏழு வூட்ல கீறானா?” என்றால் டிரைவர் அண்ணனைத் தேடி யாரோ வந்திருக்கிறார்கள்.

டிரைவர் அண்ணன் திருநெல்வேலிப் பக்கம். கம்பெனி வேலைக்கென்று வந்து, லைனில் நின்று நின்று கால் வீங்கி, பிறகு பெரியப்பாவிடம் வண்டி கற்றுக்கொண்டவர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த ரூம்களில் கடைசி ரூம் அவருக்கு. என்னைப் ‘பாப்பா’ என்பார். தொடரை நான் எப்போதாவது பார்க்க முடியாமல் போனால், அடுத்த நாள் காலையில் தண்ணீர்த் தொட்டி அருகில் துணி துவைத்துக்கொண்டே முழுக் கதையையும் சொல்வார். விளம்பரத்துக்கு எங்கே நிறுத்தினார்களோ அங்கே தானும் நிறுத்துவார். நான் கத்த வேண்டும், அப்புறம்தான் தொடருவார்.

அந்த ஆனி மாதத்தில் அவருக்கு ஒரே நினைப்பு பாஸ்போர்ட். அவர் ஊர்க்காரர் ஒருத்தர் வளைகுடாவில் பெரிய கம்பெனியில் டிரைவர். பாஸ்போர்ட் வந்த மறுநாளே விசா அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். எழுதிப் போட்டாயிற்று, ஸ்டேஷனிலிருந்து விசாரணைக்கு வர வேண்டும். அதற்காகவே ஒரு சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டி வைத்திருந்தார். “போலீஸ் நல்ல பையன்னு ஒரு வார்த்த எழுதிட்டாப் போதும் பாப்பா, அப்புறம் நம்மள யாரும் பிடிக்க முடியாது” என்பார்.

இப்போது அந்தச் சனிக்கிழமை.

மத்தியானமே ஏழாம் நம்பர் வேனில் கிளட்ச் போய்விட்டது. அண்ணன் அதை மெக்கானிக் ஷெட்டில் விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார். இந்த விஷயம் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆறு மணிக்குப் பெரியப்பா வீட்டில் சம்பந்தி வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கியதுதான். பெரியப்பா மகள் அக்காவுக்குப் பதினைந்து நாளில் வல்லக்கோட்டையில் கல்யாணம். மண்டபம் பற்றிப் பேச வந்திருந்தார்கள். பெரியப்பா புது வேட்டியில் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தார். காபிக்குப் பால் போதவில்லை.

“ஏய், ஓடிப் போய் ரெண்டு பாக்கெட் பால் வாங்கியா” என்றாள் அம்மா.

“இன்னும் பத்து நிமிசத்துல சீரியல் போடுவாங்கம்மா!”

“போடட்டும். உன் இன்ஸ்பெக்டர் வந்து இவங்களுக்குக் காபி போடுவாரா?”

கூட்டு ரோட்டுக் கடைக்குப் போய் வர அரை மணி நேரம் ஆகும். போகும்போது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தொடரின் ஆரம்ப இசை கேட்டது. அழுகையாக வந்தது. பாலை வாங்கிக்கொண்டு சாலை ஓரமாகத் திரும்பி வரும்போது கம்பெனி வாசலில் டீ விற்கிற பெரியவர் எனக்கு முன்னால் சைக்கிளில் போனார். பின்னால் பெரிய டீ கேன், கைப்பிடியில் பேப்பர் கப் மூட்டை. எதிரில் ஒரு வேன் வேகமாக வந்தது. லாரி ஒன்றைத் தாண்டுவதற்கு எங்கள் பக்கம் ஏறியது. ஹெட்லைட் என் கண்ணைக் கூசவைத்தது. டிரைவர் முகம் தெரியவில்லை. சிவப்பு ஏழு மட்டும் தெரிந்தது.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. கேன் உருண்ட சத்தம்தான் அதிகம். வேன் ஒரு கணம் தயங்கிவிட்டு ஒரகடம் பக்கம் போய் வளைவில் மறைந்தது. சாலை முழுக்கச் சூடான டீ ஓடியது. இஞ்சி வாசனை. இன்றுவரை நான் இஞ்சி டீ குடிப்பதில்லை. உங்களில் சிலர் அதற்காக என்னைக் கிண்டல் செய்திருக்கிறீர்கள்.

ஐந்து நிமிடத்தில் கூட்டம் கூடிவிட்டது. பெரியவருக்கு உயிர் இருந்தது, கால் தாறுமாறாகக் கிடந்தது. யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள்.

“ஏ பாப்பா, நீ பாத்தியா? இன்னா வண்டி?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னால் வெட்கம், ஆனால் சொல்கிறேன்: அந்த நேரத்தில் எனக்குப் பயத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது. கூட்டத்தின் பின்னால் பெரியப்பா நின்றிருந்தார். வளைவுப் பக்கமிருந்து ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. புது வேட்டி கட்டிக்கொண்டு, வீட்டில் சம்பந்தியை உட்கார வைத்துவிட்டு, இவர் ஏன் இங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பெரிய துப்பறியும் மண்டை! அவர் வாயைத் திறந்தார். ஏதோ சொல்ல வந்தார், அது மட்டும் நிச்சயம்.

அதற்குள் நான் சொல்லிவிட்டேன். “வெள்ளை வேன். ஏழாம் நம்பர். மணி ஆறு அம்பது. ஒரகடம் பக்கமாப் போச்சு.”

“ஏழா? அந்தத் திர்நெல்வேலிப் பையனா? நல்லாத்தானே ஓட்டுவான்!”

பெரியப்பாவின் வாய் மூடிக்கொண்டது. அப்படியே என்னைப் பார்த்தார். என் கெட்டிக்காரத்தனத்தில் அசந்துபோய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். எத்தனையோ வருஷம் கழித்துத்தான், அந்த முகத்தில் இருந்தது என்ன என்று எனக்குப் புரிந்தது. கிணற்றில் விழுந்தவன் கையில் கயிறு பட்டால் இருக்குமே, அது. பிறகு அவரேதான் முதல் ஆளாகக் குனிந்து பெரியவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார். வேட்டியெல்லாம் டீயும் ரத்தமும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தொட்டியடிக்கு ஓடினேன். விபத்தைப் பற்றிப் பேச அல்ல. நேற்றைய கதையைக் கேட்க. அண்ணன் அப்போதுதான் எழுந்து பல் துலக்கிக்கொண்டிருந்தார், ஊரில் யாரோடும் இன்னும் பேசியிருக்கவில்லை.

“நேத்து பாத்தீங்களாண்ணா?”

“பாக்காம? மெக்கானிக் ஷெட்ல சின்ன டிவி ஒண்ணு இருக்குல்லா. கிளட்ச் தட்டு வர நேரமாச்சு. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் உக்காந்து பாத்தேன். நீ பாக்கலியா? சொல்லுதேன், கேளு.”

சென்னையில் ஒரு அடுக்குமாடி வீடு. லிஃப்டுக்குள் ஒருவர் செத்துக் கிடக்கிறார். வாட்ச்மேன்மேல் எல்லோருக்கும் சந்தேகம். கடைசியில் கொன்றவர் மூன்றாம் மாடிப் பல் டாக்டர். இன்ஸ்பெக்டருக்குப் பல்வலி என்று போய் அந்த நாற்காலியில் படுத்துக்கொண்டே கண்டுபிடிக்கிறார். வாயில் கருவி இருப்பதால், “அப்போ நீங்க எங்க இருந்தீங்க” என்பதைக் குழறிக் குழறிக் கேட்கிறார். அண்ணன் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே செய்து காட்டினார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

சிரித்து முடிப்பதற்குள் பெரியம்மா வந்து, “தம்பி, உன்ன அவரு கூப்புடறாரு” என்றாள். கண் வீங்கியிருந்தது.

நான் அவர்கள் சமையலறை ஜன்னலுக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். துப்பறிகிறவளுக்கு அது வழக்கமான இடம். முதலில் பெரியம்மாவின் அழுகை கேட்டது.

“பதினஞ்சு நாள்ல கல்யாணம்டா. பொண்ணப் பெத்தவன் மேல போலீஸ் கேசுன்னு தெரிஞ்சா, அவங்க வந்த வழியாவே போய்டுவாங்க. எங்க பொண்ணு கதி இன்னாடா ஆவறது?”

“கால் முறிவுதான்டா” என்றது பெரியப்பாவின் குரல். “சம்பந்தியக் காக்க வெச்சிட்டு ஓ.டி. ஆளுங்கள ஏத்தப் பறந்துகினு போனேன். உன் வண்டி ஷெட்ல கீது, அதனால என் வண்டில உன் போர்ட வெச்சேன். ஊரே ஏழுன்னுதான் பேசிக்கினு கீது. என் வண்டிய நீ எடுத்துனு போனேன்னு சொல்லிட்டா முடிஞ்சி போச்சு. ஃபைனக் கட்டிட்டு வந்துடலாம். டிரைவருக்கு இதெல்லாம் சகஜம்.”

யாரோ டம்ளரைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது.

“அண்ணாச்சி, எனக்குப் பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வரணும்லா. கேசுன்னு இருந்தா…”

“அத நான் பாத்துக்கறேன்டா. நான் இல்லியா?”

ஜன்னலுக்குக் கீழே எனக்குக் கால் மரத்துவிட்டது. மாட்டேன் என்று சொல்லுங்கண்ணா, மாட்டேன் என்று சொல்லுங்கண்ணா என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

“சரி அண்ணாச்சி.”

அப்பாவிடம் ஓடினேன். முதல் ஷிஃப்டுக்குப் பதில் ஆள் கிடைத்து அன்று வீட்டில் இருந்தார். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். அப்பா செய்தித்தாளை மடிக்கவே இல்லை. “உன்ன யாரு ஒட்டுக் கேக்கச் சொன்னது? பெரியவங்க விஷயம். வாய மூடிக்கினு போய்ப் படி” என்றார். அவருக்கு அது முன்பே தெரியும் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது. அம்மாவிடம் போனேன். அம்மா, “உன் பெரியப்பா மட்டும் இல்லன்னா உங்கப்பாவுக்குக் கம்பெனி வேலயே கெடச்சிருக்காது, தெரியுமா?” என்றாள். நான் கேட்டதற்கு அது பதிலா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

அண்ணன் அன்று மத்தியானம் பெரியப்பாவின் வேனை ஓட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். சாயங்காலம் ஜாமீனில் வந்துவிட்டார். எல்லோரும் மூச்சு விட்டார்கள். பெரியம்மா அவருக்கு முட்டை வைத்துச் சோறு போட்டாள்.

செவ்வாய்க்கிழமை டீக்காரப் பெரியவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது வாசலில் யாரும் யாரையும் பார்க்காமல் நின்றார்கள். வடக்குப்பட்டில் அவர் வீட்டுப் பக்கம் பறை அடிப்பதாக யாரோ சொன்னார்கள். கால் முறிவு என்று ஒத்துக்கொண்ட விஷயம் இப்போது உயிர் போன விஷயமாகிவிட்டது. அண்ணன் ரூம் வாசற்படியில் இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்போதாவது பெரியப்பா போய்ச் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். நம்புங்கள், உண்மையாகவே எதிர்பார்த்தேன். அவர் மண்டபத்துக்குச் சமையல்காரரைப் பார்க்கப் போயிருந்தார்.

புதன்கிழமை ஏட்டு வந்தார், நேரில் பார்த்தவளின் வாக்குமூலத்தை எழுதுவதற்கு. பார்த்தவள் நான்.

பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். பெரியப்பா, அப்பா, அம்மா, ஏட்டு. அண்ணன் சுவரோரம் நின்றார். ஆணியில் மாட்டியிருந்த அந்த இஸ்திரி சட்டையைப் போட்டிருந்தார். ஏட்டு நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தொப்பையோடு, வேர்த்து விறுவிறுத்து, மோர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

“பயப்படாத பாப்பா. இன்னா பாத்த, சொல்லு.”

“வெள்ளை வேன். ஏழாம் நம்பர் போர்டு.”

“ஓட்னது யாருன்னு பாத்தியா?”

“இல்ல சார். லைட்டு கண்ண அடிச்சிது.” அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஆனா அண்ணன் இல்ல சார். அண்ணன் அப்ப மெக்கானிக் ஷெட்ல சீரியல் பாத்துகினு இருந்தாரு. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும். எனக்குக் கதையெல்லாம் சொன்னாரு.”

அம்மாவின் கை என் முதுகில் வந்து பதிந்தது. அமுக்கியது. பெரியப்பாவின் நாற்காலி கிரீச்சிட்டது. ஏட்டு மட்டும் சிரித்தார்.

“எது, அந்த கடலக்காரு சீரியலா? நானும் பாப்பேன். நான் டூட்டி மாத்திக்கறதே அத வெச்சித்தான்.” பேனாவைப் பேப்பர்மேல் வைத்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார். “ஏம்பா, பாத்தியா நீ? சரி, சொல்லு. போன சனிக்கிழம அந்த லிஃப்ட்ல இருந்தவனக் கொன்னது யாரு?”

நான் சந்தோஷத்தில் எழுந்தே விட்டேன். முடிந்தது! டிவி இன்ஸ்பெக்டர் கேட்டிருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பார். அண்ணன் இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அந்த நேரத்தில் வேனில் இருந்தவனுக்கு அது தெரிந்திருக்க முடியாது.

அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கல்யாணப்பெண் அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

“வாட்ச்மேன் சார்” என்றார்.

“பாத்தியா!” ஏட்டு தொடையில் தட்டிக்கொண்டார். “பாக்காதவன் எல்லாரும் வாட்ச்மேன்னுதான் சொல்வான். பல் டாக்டரு பாப்பா அது!”

“பல் டாக்டர்னு அண்ணன்தான் சார் எனக்குச் சொன்னாரு!” நான் கத்தினேன். “பிரஷ்ஷ வாயில வெச்சிகினு நடிச்சிக்கூடக் காட்டினாரு! எனக்கு வேற எப்பிடித் தெரியும்? நான்தான் பால் வாங்கப் போய்ட்டேனே! அம்மா, சொல்லும்மா!”

அம்மா சொன்னாள். “இஸ்கூல்ல புள்ளைங்க சொல்லியிருக்கும் சார். இதுக்கு எப்பவும் அந்தப் பையன்னா உசுரு. அத்தொட்டு ஏதோ உளறுது.”

ஏட்டு என்னைப் பார்த்தார். பிறகு பெரியப்பாவைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் இப்போது நினைக்கிறேன். ஆனால் நேரில் நிற்கிறவனே தான்தான் ஓட்டினேன் என்கிறான், வீட்டுக்காரர்கள் அதைத்தான் சொல்கிறார்கள், எதிர்ப்பேச்சு பேசுவது ஒரு பன்னிரண்டு வயதுப் பெண். மோர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, ‘வெள்ளை வேன், ஏழாம் நம்பர் பலகை’ என்பது வரை எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் தொட்டியடியில் அண்ணனைப் பிடித்தேன். அவரை அடிக்க வேண்டும் போல ஆத்திரம். “ஏண்ணா பொய் சொன்னீங்க? ஏன்?”

“நீ சின்னப் பிள்ள. உனக்குச் சொன்னா வெளங்காது.” சட்டையைக் கழற்றித் தண்ணீரில் முக்கினார். “வாக்குக் குடுத்துட்டேன் பாப்பா. அக்கா கழுத்துல தாலி ஏறட்டும். எனக்கும் ஊர்ல ஒரு தங்கச்சி இருக்கால்லா.”

தாலி ஏறியது. நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள், பந்தியில் இரண்டு தடவை உட்கார்ந்தீர்கள். அண்ணனின் லைசென்ஸை எடுத்துக்கொண்டுவிட்டார்கள், அதனால் அவர் வண்டி ஓட்டவில்லை. சாம்பார் வாளி தூக்கினார். நான் சாப்பிடவில்லை. வயிற்றுவலி என்று சொன்னேன், அது ஒன்றும் முழுப் பொய்யும் இல்லை. சனிக்கிழமைகளில் டிவி முன்னால் உட்காருவதையும் விட்டுவிட்டேன்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். பெரியவர்கள் செய்த அநியாயம் என்று சொல்லிவிட்டு நானும் உங்களோடு சேர்ந்து சிரிக்கிற பொம்மை போட்டிருப்பேன்.

ஆவணி கடைசியில் ஒரு நாள் தபால்காரர் ஒரு கவரைக் கொடுத்தார். அண்ணன் பெயருக்கு, எங்கள் வீட்டு விலாசம். பாஸ்போர்ட் ஆபீசிலிருந்து. அண்ணன் அப்போது வேன்களைக் கழுவிக்கொண்டிருந்தார், அதுதான் அவருக்கு மிச்சமிருந்த வேலை. கையை முழங்கைவரை துடைத்துத் துடைத்து ஈரம் போக்கிவிட்டுக் கவரை வாங்கினார். திறந்து பார்த்தார். ஆங்கிலம். என்னிடம் நீட்டினார். வீட்டிலேயே மெட்ரிகுலேஷன் பள்ளியில் படித்தவள் நான் ஒருத்திதான். தவிர, வேறு யாரிடம் கொடுப்பார்?

“என்ன போட்ருக்கான்னு வாசி பாப்பா.”

வாசித்தேன். சில வார்த்தைகள் புரியவில்லை, ஆனால் புரிய வேண்டியது புரிந்தது. உங்கள்மேல் வழக்கு இருப்பதாகப் போலீஸ் அறிக்கை வந்திருக்கிறது. முப்பது நாளைக்குள் விளக்கம் எழுதி அனுப்புங்கள். அனுப்பாவிட்டால் விண்ணப்பம் முடித்து வைக்கப்படும்.

தலை நிமிர்ந்தேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. ஏழு என்ற வார்த்தையை ஊருக்கு முதலில் சொன்னவள் நான். இதையும் நானே சொல்ல வேண்டுமா?

“போலீஸ் பேப்பர் இன்னும் போய்ச் சேரலியாம் அண்ணா. வந்ததும் பாஸ்போர்ட் அனுப்புவாங்களாம். வெயிட் பண்ணச் சொல்லியிருக்கு.”

“அப்பிடியா!” அவர் முகம் மலர்ந்துபோனது. கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “நான்கூட என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். அண்ணாச்சி சொன்ன மாதிரியே சரி பண்ணிட்டாரு போல.”

அன்றிலிருந்து மத்தியானம் தபால்காரர் வருகிற நேரத்துக்குத் தலை சீவிக்கொண்டு வாசலில் நிற்பார். புரட்டாசி முழுக்க நின்றார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், “இன்னைக்கும் வரல பாப்பா” என்று அவரே சொல்வார். நாளைக்குச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நான் தள்ளிக்கொண்டே போனேன். முப்பது நாளை விரல் விட்டு எண்ணினேன். முப்பதாவது நாள் எனக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. அம்மா கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம், அவர் ஊர்க்காரர் வளைகுடாவிலிருந்து போன் செய்து, “இந்த மாசத்துக்குள்ள இல்லன்னா வேற ஆள் போட்ருவாங்க” என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு படப்பையில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்தவர் படித்துவிட்டு, உடனே ஒரு வக்கீலை வைத்து எழுதியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாமே, இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்டிருக்கிறார். செய்திருக்க முடியுமா முடியாதா என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்வதற்கான முப்பது நாளை நான் தின்றுவிட்டேன்.

திரும்பி வந்து எங்கள் வாசலில் நின்றார். நான் கணக்கு நோட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

“பாப்பா, அந்தக் காயிதத்துல இருந்த இங்கிலீசு உனக்குச் சரியா வரலியோ?”

அவரே ஒரு வழி காட்டிவிட்டார். நான் அதில் நுழைந்துகொண்டேன்.

“ஆமாண்ணா. கஷ்டமா இருந்துச்சு.”

“அதான பாத்தேன்.” தலையை ஆட்டிக்கொண்டார். “பரவால்ல. நல்லாப் படி, என்ன? இங்கிலீசு முக்கியம்.”

இரண்டு நாளில் ரூமைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போய்விட்டார். அவர் பஸ் ஏறுவதற்கு முந்தின நாள் எங்களுக்குக் காலாண்டுத் தேர்வுத் தாள் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் வகுப்பிலேயே நான்தான் முதல். அவர் போகிறவரை அந்தத் தாளை என் பையைவிட்டு வெளியே எடுக்கவில்லை.